அப்பாவின் இரண்டு தட்டு

எங்கள் அப்பாவின் சைக்கிளில் பெல் இருந்ததே இல்லை. எதற்கு? அவருக்குத் தொண்டை இருந்தது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் தலையில் ஏற்றிக்கொண்டு ஆட்கள் நெருக்கியடித்துப் போகிற நேரத்தில், "மாறிக்கோ, மாறிக்கோ" என்று ஒரு கத்து கத்துவார் பாருங்கள், பெல் வைத்த சைக்கிள்காரன்கூட ஒதுங்கிவிடுவான். வீட்டில் தமிழ், ரோட்டில் மலையாளம், சத்தம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். கார்ப்பரேஷனில் கொசு மருந்து அடிக்கிற வேலை அவருக்கு. காலையில் சைக்கிளில் ஆபீசுக்குப் போய், மருந்து பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடை ஓடையாக நடப்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. பாழாய்ப்போனதுக்கு வேறு இடமா கிடைக்கவில்லை? எறணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை, அதை மறைக்க ஒரு வெள்ளைத் துணி. உயிர் பிழைத்ததே பெரிசு என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஆனால் கோபம் வந்தால் கத்த முடியாமல், தட்டைத் தள்ளிவிட்டு, வாயை மட்டும் திறந்து திறந்து மூடுகிற மனுஷனுக்கு எதிரில் உட்கார்ந்து சோறு இறங்குமா? நான் எழுந்து வாசலில் போய் நின்றுகொள்வேன்.

கொஞ்சம் தேறியதும் வேலைக்குப் போகிறேன் என்று நின்றார். பம்பைத் தூக்க வேண்டாம், ஆபீசில் உட்கார்ந்து மருந்துக் கணக்கு எழுதினால் போதும் என்று கார்ப்பரேஷனிலும் சொல்லிவிட்டார்கள். அம்மா அழுதாள், திட்டினாள், ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் சந்தில் படிகள் உண்டு, சைக்கிளைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். ஆபரேஷனுக்கு அப்புறம் புற்றுக்குக் கரண்ட் வைத்த உடம்பில் அதற்கு ஏது தெம்பு? அதனால் சைக்கிளின் பாரத்தைக் குறைக்க ஆரம்பித்தார். கேரியரைக் கழற்றினார். ஸ்டாண்டைக் கழற்றினார். செயின் மூடியையும் கழற்றி எறிந்தார். கடைசியில் அது சைக்கிளின் எலும்புக்கூடாக நின்றது, அவரைப் போலவே.

"எல்லாம் சரி, ரோட்டில் எப்படி வழி கேப்பீங்க?" என்றேன். அதற்குத்தான் பெல்.

சைக்கிள் கடைக்கு அவருக்குப் பதில் பேச நானும் போனேன். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது பெரிய கிண்ணி போன்ற பெல். அமுக்கினால் கிணிங் கிணிங் என்று தெருவே திரும்பும். அப்பா அதை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார், கத்தரிக்காய் வாங்குகிறவர் மாதிரி. உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்தார். கட்டைவிரலால் அதை முழுசாக அமுக்க முடியவில்லை என்பதையும் நான் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்தது கொஞ்சம் சின்னது, அதுவும் வேண்டாம். கடைசியாகப் பித்தளையில் ஒரு குட்டி பெல், சுண்டினால் 'டிங்' என்று ஒரே ஒரு சத்தம். கனமே இல்லை. அதைக் கையில் வாங்கியதும் முகம் மலர்ந்துவிட்டது மனுஷனுக்கு.

"அப்பா, இது பத்தாது. பஜாரில் யார் காதில் விழும்?" என்றேன். அவர் கடைக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டார், அவ்வளவுதான். என்னைப் பேசக் கூட்டிப்போனாரே தவிர, நான் சொல்வதைக் கேட்கக் கூட்டிப்போகவில்லை.

வீட்டில் அம்மா அதை ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள். "இதென்ன, ஆட்டுக் கழுத்தில் கட்டுற மணியாட்டம்!" என்று சிரித்தாள். அப்பாவும் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். அந்த வீட்டில் பல மாதத்துக்கு அப்புறம் வந்த சிரிப்பு அது.

அம்மா சொன்னது விளையாட்டுக்குத்தான். ஆனால் எங்கள் ஊரில் ஆடுகளை யாரும் கட்டி வளர்ப்பதில்லை. காலையில் அவிழ்த்துவிட்டால், கழுத்து மணியை ஆட்டிக்கொண்டு கிடங்கு வாசல், சாயாக்கடை, வீட்டுப் படி என்று அதுகள் ராஜ்யம்தான். தலையில் மூட்டை இருக்கிற சுமட்டுக்காரனால் கழுத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது, பின்னால் சத்தம் கேட்டால் இடப்பக்கம் ஒதுங்குவான். ஆட்டு மணிக்கு மட்டும் ஒதுங்க மாட்டான். ஆடு தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும்.

வேலைக்குப் போன முதல் வாரமே, ஒரு சுமட்டுக்காரன் ஒதுங்காததால் அப்பா சைக்கிளோடு ஓடையில் விழுந்தார். அந்த ஆளே மூட்டையைப் போட்டுவிட்டு அவரைத் தூக்கி வீடுவரை கொண்டுவந்து விட்டான். "ஆடாணெந்நு கருதிப் போயி சேச்சீ" என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னான். ஆடென்று நினைத்துவிட்டானாம். அவனைத் திட்டக்கூட வாய் வரவில்லை. அப்பாவைத்தான் திட்டினேன்.

"நாளைக்கே போய்ப் பெரிய பெல்லா மாட்டுறோம். உங்க பிடிவாதத்துக்கு ஒரு அளவில்லையா?"

அவர் முழங்கையில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே எழுந்து போய் பெல்லை இரண்டு தட்டு தட்டினார். டிங், டிங். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி இரண்டு தட்டு. எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. ஆட்டு மணி நடக்கிறவரை அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். இரண்டு தட்டி நிறுத்த ஆட்டுக்குத் தெரியாது.

பஜார் முழுக்க அதைக் கற்றுக்கொண்டது. இரண்டு தட்டு கேட்டால் வழி விட்டார்கள். சாயாக்கடைச் சேட்டன் அந்தச் சத்தத்துக்கே சீனி போடாத சாயாவை ஆற்றி எடுத்து வைப்பார். சாயங்காலம் சந்து முனையில் டிங், டிங் என்றால் அம்மா படிக்கு ஓடுவாள், சைக்கிளை ஒரு கை பிடிக்க. அவருக்குக் குரல் திரும்பி வந்த மாதிரிதான் நாங்கள் இருந்தோம். அடுத்த மழைக்காலம்வரை ஓடியது அந்த வாழ்க்கை.

மழையோடு புற்றும் திரும்பியது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றுவிட்டார்கள். முன்னறையில் இரும்புக் கட்டில் போட்டோம். சைக்கிளிலிருந்த பெல்லைக் கழற்றி, அவர் கைக்கு எட்டுகிற மாதிரி கட்டில் கம்பியில் நான்தான் மாட்டினேன். தண்ணீருக்கு, சளி எடுக்க, புரண்டு படுக்க, எல்லாவற்றுக்கும் டிங், டிங். அடுப்பில் எது இருந்தாலும் அம்மா போட்டுவிட்டு ஓடுவாள்.

நான் அப்போது காயலுக்கு அக்கரையில், எறணாகுளம் பிராட்வேயில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். ஒரு மத்தியானம் கடைக்குப் போன் வந்தது. போட் பிடித்து மட்டாஞ்சேரி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அழுகிற கூட்டத்தில் அம்மா அழவில்லை. எல்லோரும் போன பிறகு சமையலறைக்குள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒரு தட்டுதான்டி கேட்டுச்சு" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"கஞ்சி வடிச்சிட்டிருந்தேன். கஞ்சித் தண்ணிக்கு அந்த மூதேவி ஆடு தினம் இந்நேரத்துக்கு வாசலுக்கு வருமில்ல? ஒரு தட்டு கேட்டுச்சு. ரெண்டாவது வரல, ஆடுன்னு நினைச்சேன். திரும்பிக்கூடப் பாக்கல. 'சீ, போ சனியனே'ன்னு இங்கிருந்தே கத்தினேன்டி."

அதற்கு மேல் சத்தம் வரவில்லையாம். கஞ்சியை வடித்துவிட்டு முன்னறைக்குப் போனபோது, அவர் விரல் பெல்லின் மேலேயே இருந்ததாம். இரண்டாவது தட்டுக்கு விரலில் தெம்பில்லை.

"விட்டுத் தள்ளும்மா, அவருக்குக் கேட்டிருக்காது" என்றேன். பச்சைப் பொய். பத்தடி தூரம்தான் இருக்கும், என் அம்மாவின் தொண்டையும் லேசுப்பட்டதல்ல.

அந்த பெல்லை இன்னும் கட்டில் கம்பியிலிருந்து கழற்றவில்லை, அம்மா விடவில்லை. ஆடுகள் இப்போதும் வருகின்றன. வாசலில் மணிச் சத்தம் கேட்டால் அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து போகிறாள். முட்டி வலிக்கிறது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். "ஆடுதாம்மா, உக்காரு" என்று நான் சொல்வேன். "தெரியும்டி" என்பாள். முன்னறைவரை போய், காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டுத்தான் வாசலுக்குப் போய் ஆட்டுக்குக் கஞ்சித் தண்ணி வைப்பாள்.