ஒட்டுப் பக்க ஆல்பம்

அண்ணியிடம் ஊதா நிறப் பிடி போட்ட ஒரு கத்தரிக்கோல் இருந்தது. நேராக வெட்டத் தெரியாத கத்தரிக்கோல் அது. எந்தத் தாளைக் கொடுத்தாலும் ஓரத்தை அலை அலையாக நெளித்துத்தான் தரும். அதற்கு ஒரு குடும்பமே உண்டு. பல் பல்லாக வெட்டுவது, மேகம் போல வெட்டுவது, தபால்தலையின் ஓரம் போல வெட்டுவது என்று எல்லாம் ஒரு சுழலும் தாங்கியில் தொங்கிக்கொண்டிருக்கும். தாங்கியைச் சுற்றிவிட்டு, இன்றைக்கு எது என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கும்போது அண்ணியின் முகத்தில் நகைக்கடையில் நிற்கும் களை வந்துவிடும். இப்போது அந்தக் கத்தரிக்கோலை யாரும் கேட்பதில்லை, கடைக்காரர்களும் வாங்கி வைப்பதில்லை. அதற்காக நான் வருத்தப்படவில்லை. அந்தச் சாமான்கள் எங்கள் வீட்டுக்கு வராமலே இருந்திருக்கக் கூடாதா என்றுதான் நினைக்கிறேன்.

அண்ணி, என் அண்ணனைக் கட்டிக்கொண்டு தைப்பிங்கிலிருந்து பினாங்குக்கு வந்தவர். வெல்ட் கீ கடலோரச் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் கணக்கும் கடிதமும் எழுதும் கிராணி. சரக்குக் கப்பல்களின் தாள்களோடு வாரமெல்லாம் மல்லுக்கட்டியவருக்குச் சனிக்கிழமை மத்தியானம் ஒன்று மட்டும்தான் சொந்தமாக இருந்தது. அதையும் பினாங்கு ரோட்டில் ஒரு கைவினைக் கடையின் மாடியில் நடந்த வகுப்புக்குக் கொடுத்துவிட்டார். புகைப்படங்களை வெட்டி, வண்ணத்தாளில் ஒட்டி, அலங்காரம் செய்து புத்தகமாக்கும் வகுப்பு. கைத்தொலைபேசியில் படமெடுக்கும் வழக்கம் இன்னும் வராத காலம். ஃபிலிம் சுருளைக் கழுவக் கொடுத்து, படம் எப்படி வந்திருக்கிறதோ என்று தவித்துக்கொண்டே போய் வாங்கி வந்த காலம்.

அந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், படத்தில் ஆளைத் தவிர மற்றதெல்லாம் குப்பை என்பது. ஆளைச் சுற்றி உருவத்தை ஒட்டி வெட்ட வேண்டும். இல்லையென்றால் முட்டை வடிவத்திலோ இதய வடிவத்திலோ வெட்ட வேண்டும். வெட்டியதை ஒட்டுப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒட்டுப் பக்கம் என்றால், அட்டையில் வரிவரியாகப் பசை தடவியிருக்கும். மேலே கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் தாள். அதைத் தூக்கிப் படத்தை வைத்து, மறுபடி மூடித் துணியால் நீவிவிட்டால் ஒரு குமிழிகூட இல்லாமல் படிந்துவிடும். ஆல்பத்தின் பெட்டியிலேயே தலைமுறை தலைமுறைக்கும் தாங்கும் என்று அச்சடித்திருந்தார்கள். ஓர அலங்காரத்துக்கு இன்னொரு வித்தையும் இருந்தது. படம் கழுவியபின் மிஞ்சும் நெகட்டிவ் துண்டுகளைப் பூத்துளை போடும் கருவியால் குத்தி, வரும் சின்னச் சின்னப் பழுப்புப் பூக்களைப் பக்கத்தைச் சுற்றி ஒட்டுவது. அந்த வித்தை அண்ணிக்கு மிகவும் பிடித்துப்போனது.

என் கல்யாணப் படத்தையும் ஒருநாள் அப்படி வெட்டிக் கொண்டுவந்து காட்டினார். நானும் என் வீட்டுக்காரரும் ஒரு மஞ்சள் சூரியகாந்தியின் நடுவில் நின்றுகொண்டிருந்தோம்.

"அண்ணி, பின்னால நம்ம பழைய வீடு இருந்துச்சே."

"வீட்ட யாரு பார்க்கப் போறா? ஆளு தெரியுதுல்ல, அது போதும்லா."

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை செய்தவள். பூதக்கண்ணாடியில் ஒரு கீறலைப் பார்த்தாலே முகம் சுளிப்பேன். ஆனாலும் அன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது. சூரியகாந்தி உண்மையிலேயே அழகாக இருந்தது.

அண்ணிக்கு ஒரே பையன். மாநிறம், முன்பல்லில் ஒன்று பாதி உடைந்தது, புருவங்களுக்கு நடுவே அம்மைத் தழும்பு, கதவைத் திறந்து வைத்தது போல வெளியே நிற்கும் இடது காது. பள்ளியில் அந்தக் காதை வைத்துக் கேலி செய்வார்கள் போல. படமெடுக்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அதை மறைக்கப் பார்ப்பான். அண்ணி அவன் படத்தை வெட்டும்போது அந்தக் காதைக் கத்தரிக்கோலாலேயே சரிசெய்துவிடுவார். ஓரத்தில் சின்னதாக ஒரு நெளி, காது காணாமல் போகும். அவனும் அருகில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் வெட்டும்மா" என்பான். தாயும் பிள்ளையும் சிரித்துக்கொள்வார்கள். அவனுக்குப் பத்து வயதானபோது டெங்கிக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து வீட்டில் வைத்துப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபிறகு அவன் வீட்டுக்கு வரவில்லை.

காரியம் முடிந்ததும் அண்ணன் அவன் படம் ஒன்றைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்ட வேண்டும் என்றார். எல்லா வீட்டிலும் செய்வதுதான். அண்ணி விடவில்லை. செத்தவர்கள் வரிசையில் தாத்தாவுக்குப் பக்கத்தில் அவனை மாட்டிவைக்க அவருக்கு மனம் வரவில்லை. "அவனுக்கு நான் ஒரு புஸ்தகம் செய்றேன்" என்றார்.

அதன்பிறகு அவர் சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போனார். அவன் இருக்கும் படம் எந்த வீட்டில் இருந்தாலும் கேட்டு வாங்கினார். பெற்ற தாய் வந்து கேட்கும்போது யார் இல்லை என்பார்கள்? என்னிடம் இருந்ததையும் கொடுத்தேன். தைப்பிங்கில் இருந்தவர்கள் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்து வகுப்புப் படத்திலிருந்து அவனை மட்டும் வெட்டி எடுத்தார். நெகட்டிவ்கள் அத்தனையும் பழுப்புப் பூக்களாகிப் பக்க ஓரங்களில் உட்கார்ந்தன. எங்கள் குடும்பத்தில் அவன் முகம் எங்கெல்லாம் இருந்ததோ, அங்கிருந்தெல்லாம் புறப்பட்டு அந்த ஒரே ஆல்பத்துக்குள் வந்து சேர்ந்தது. அண்ணி மாதக்கணக்கில் வேலை செய்தார். முடிந்த அன்று நாங்கள் பார்த்தோம். அவ்வளவு அழகான ஒரு பொருளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அண்ணன் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

ஜெலுத்தோங்கில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் எப்போதும் ஈரக்காற்றுதான். உப்பு டப்பாவில் உப்பு கட்டி தட்டிவிடும், அலமாரியில் தோல் செருப்பு பூசணம் பூக்கும். ஆல்பத்துக்கு மட்டும் என்ன தனிச் சலுகையா? வருஷம் ஆக ஆகப் பிளாஸ்டிக் தாள் மஞ்சளாகி, பிறகு பால் ஊற்றியது போல மங்கியது. பசை வரிகள் படங்களுக்கு அடியிலிருந்து பழுப்புக் கோடுகளாக மேலே எழுந்தன. அண்ணி அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. அவருக்கு இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய் கண்ணில் இறங்க ஆரம்பித்திருந்தது. எல்லாமே மங்கலாகத் தெரிந்தவருக்கு எந்த மங்கல் ஆல்பத்துடையது, எந்த மங்கல் கண்ணுடையது என்று எப்படிப் பிரித்துத் தெரியும்?

போன வருஷம் கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். இடது கண் முழுவதும் போய்விட்டது, வலது கண்ணும் இன்னும் கொஞ்ச நாள்தான் என்றார். வண்டியில் திரும்பி வரும்போது அண்ணி அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டார்.

"பையன் மொகத்த மட்டும் பெருசாக்கிக் குடுங்கம்மா. சொவரு அளவுக்கு இருந்தா எனக்குத் தெரியும். ஒருதடவ பாத்துட்டேன்னா போதும்."

அண்ணி எங்களிடம் அதிகம் எதுவும் கேட்டவர் இல்லை. அதனால் மறுநாளே நானும் அண்ணனும் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் ஒரு புகைப்படக் கடைக்குப் போனோம். கடைக்கார பாய் எங்களுக்குப் பழக்கமானவர். முதலில் பிளாஸ்டிக் தாளோடு சேர்த்தே கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கிப் பார்த்தார். திரையில் மஞ்சள் பனிமூட்டம்தான் வந்தது. அதற்குள் எங்கேயோ ஒரு பையன் நின்றான்.

"தாளத் தூக்காம ஆவாது அண்ணே. ஆனா இது ஒட்டிப்போயிருக்கு. பயமா இருக்குலா," என்றார் பாய்.

அண்ணன் தூக்கச் சொன்னார். அவனுடைய பிறந்தநாள் படம் அது, முகம் பெரிதாகத் தெரிந்த ஒரே படம். பாய் விசிறியைக்கூட நிறுத்திவிட்டு ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத் தாளை உயர்த்தினார். சட்டை வந்தது. கழுத்து வந்தது. அதற்குமேல் படத்தின் நிறமெல்லாம் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு செதில் செதிலாகப் பிய்ந்து வந்தது. அட்டையில் மிஞ்சியது, புதுச் சட்டை போட்ட ஓர் உடம்பும் அதற்குமேல் வெள்ளைக் காகிதமும்தான். பாய் தாளை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே வைக்கவும் அவருக்குத் தைரியமில்லை.

நெகட்டிவ் இருந்தால் புதிதாகவே போட்டுவிடலாம் என்றார் அப்புறம். பக்க ஓரத்துப் பூக்களைக் காட்டினேன். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. ஒரு பூவில் கேக்கின் மூலை இருந்தது. ஒரு பூவில் யாருடைய முழங்கையோ இருந்தது. மற்றப் பக்கங்களைத் தொடமாட்டேன் என்று பாய் சொல்லிவிட்டார். பணமும் வாங்கவில்லை. எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. கத்தரித்தவர்மேல் கோபப்பட முடியுமா? அவரைவிட அந்த முகத்தைப் பத்திரமாக வைக்க நினைத்தவர் யார்?

இரண்டு வாரம் கழித்து அண்ணன் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். போனபோது கூடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு படம் சாய்த்து வைத்திருந்தது. பாய் முதலில் ஏற்றிய அந்தப் பனிமூட்டப் படத்தை வாங்கி, அலுவலக நண்பர் ஒருவரிடம் கொடுத்து, கம்ப்யூட்டரையே முகத்தைத் தெளிவாக்கச் சொல்லியிருக்கிறார். அது தெளிவாக்கித்தான் இருந்தது. பளிச்சென்ற கண்கள். வரிசையான பற்கள். தழும்பில்லாத நெற்றி. அண்ணி வெட்டியெறிந்த காதுக்குப் பதிலாக, தலையோடு ஒட்டிய அழகான புதுக் காது. எந்தக் கீறலும் இல்லாத படம். என் தொழிற்சாலையில் நான் யோசிக்காமல் தேர்ச்சி முத்திரை குத்தி அனுப்பியிருப்பேன்.

அண்ணன் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்தி, அண்ணியைக் கைபிடித்து அழைத்து வந்தார். படச்சட்டத்தின் கண்ணாடியில் மூக்கு முட்டும் அளவுக்கு அண்ணி நெருங்கி நின்றார். வலது கண்ணை மேலும் கீழுமாக நகர்த்தி, நெற்றியிலிருந்து மோவாய் வரை துண்டு துண்டாகப் பார்த்தார். காது இருக்கும் இடத்தில் வெகுநேரம் நின்றார்.

"நல்லா இருக்குங்க," என்றார் அண்ணி.

அண்ணன் முகம் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் ஒரு பூ வைக்கக்கூட படமில்லாமல் இருந்தவர், லிட்டில் இந்தியாவுக்குப் போய் மாலை வாங்கி வருகிறேன் என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சத்தம் தூரமாகப் போகும்வரை அண்ணி காத்திருந்தார்.

"அண்ணன்கிட்ட சொல்லாதம்மா. இது நம்ம பையன் இல்ல."

நான் படத்தை மறுபடி பார்த்தேன். அண்ணி தொடர்ந்தார்.

"மால மட்டும் போட வேணாம்னு சொல்லு. யாரு பெத்த பிள்ளையோ. எங்கயாச்சும் உசுரோட நல்லா இருக்கும். அதுக்குப் போயி மால போடலாமா?"

அண்ணன் திரும்பி வந்தபோது வேண்டாம் என்று அண்ணியே சொன்னார். பழைய பிடிவாதம் என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். வாங்கிவந்த மாலையைச் சாமி படத்துக்குப் போட்டார். அடுத்த சில வாரங்களில் அண்ணிக்கு வலது கண்ணும் போய்விட்டது. அதற்குமுன் அவர் கிட்டத்தில் நின்று பார்த்த கடைசி முகம் அந்தப் படத்தில் இருந்ததுதான்.

இப்போது அண்ணன் காலையில் வேலைக்குப் போகும்முன் அந்தப் படத்திடம் சொல்லிக்கொண்டு போகிறார். அவன் எப்போதும் இப்படித்தான் சிரிப்பான் என்கிறார். அவன் இப்படிச் சிரித்ததே இல்லை, உடைந்த பல்லை உதட்டால் மூடிக்கொண்டுதான் சிரிப்பான். ஆனால் அது எனக்கு வெறும் சொல்லாகத்தான் இருக்கிறது. மனதில் கொண்டுவரப் பார்த்தால் படத்துப் பையன்தான் வருகிறான், வரிசையான பற்களோடு. போன ஞாயிற்றுக்கிழமை அண்ணிக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தேன். அவரிடமாவது அவன் மிச்சமிருப்பான் என்ற ஆசையில் கேட்டுவிட்டேன்.

"அண்ணி, அவன் மொகம் உங்களுக்கு ஞாபகம் இருக்குல்ல?"

அண்ணி தேடிப் பார்க்கிறார் என்று புரிந்தது. சீப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"எவ்வளவு கூப்பிட்டாலும் அந்தப் பிள்ளைதாம்மா வர்றான்," என்றார்.