செருப்பைக் கழற்றப் போன கால்

பிள்ளைகளே, உங்கள் இரண்டு பேரிடமும் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. வாயால் சொன்னால் பாதியில் சிரித்து மழுப்பிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து. தப்பு இருந்தால் அக்கா திருத்தி வாசி, தம்பி கேட்டுக்கொள்.

நம் வீட்டுச் சைக்கிளைப் பற்றித்தான். நூல் மில்லில் என்னோடு இருந்த சூப்பர்வைசர் வேறு ஊருக்கு மாறிப் போனபோது, லாரியில் இடமில்லை என்று என்னிடம் விட்டுப் போன சைக்கிள் அது. தடித்த டயர், முன்னால் அமுங்கி எழும் ஃபோர்க். அதை முதல் நாள் தெருவில் உருட்டி வந்தபோது எதிர்வீட்டுக்காரர், "புல்லட்டுக்கு மோட்டார் வைக்க மறந்துட்டாய்ங்களா" என்று கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வாரமே அதைச் சிறுமலைக்குக் கொண்டுபோய்விட்டேன்.

ஏன் போனேன் என்று யாருக்கும் சொன்னதில்லை. மில்லில் எட்டு மணி நேரம் ஸ்பிண்டில் சத்தத்துக்குள் நிற்கிறவனுக்கு, ஷிஃப்ட் முடிந்தாலும் சத்தம் முடியாது. சோறு தின்னும்போது காதுக்குள் ஓடும். நீங்கள் பேசும்போது உங்கள் பேச்சுக்கு அடியில் ஓடும். தூக்கத்திலும் ஓடும். அது நிற்கிற இடம் எனக்கு ஒன்றுதான். மலை மேலிருந்து ரோட்டு வளைவு வரை இறங்குகிற அந்தக் குதிரைப் பாதை.

மேல் தோட்டங்களில் வெட்டுகிற மலைவாழைக் குலைகளைக் குதிரை முதுகில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவருகிற பாதை அது. ஞாயிற்றுக்கிழமை காலையில், வாழை ஏற்ற காலியாக மேலே போகிற வேனில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு போவேன். மேலே பனி நிற்கும். எனக்குப் பனி என்றாலே பஞ்சுதான். மில்லில் பஞ்சு பிரிக்கிற ப்ளோ ரூமில் கதவு திறந்துவிட்டது போல மரங்களுக்கு நடுவே மெத்து மெத்தென்று மிதக்கும். அதற்குள் சைக்கிளை விட்டால் முன் சக்கரம் மட்டும் தெரியும். செத்த நேரம் கழித்துப் பாதை ஒரு பாறை ஓரமாகத் திரும்பும். அங்கே பனி விலகி, கீழே சமவெளி முழுக்கத் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போலத் தெரியும். சாணார்பட்டிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள், பூக்காடுகள், வற்றின குளம் ஒன்று. நான் வேலை பார்க்கிற மில் அதற்குள் எங்கே இருக்கிறது என்று தேடுவேன். கிடைக்காது. அந்த இடத்தில் காது அமைதியாகிவிடும்.

அந்தப் பாறைக்குக் கீழேதான் மூன்று கல்படிகள். குதிரை இறங்குவதற்காக எந்தக் காலத்திலோ போட்டது. ஒரு மழை விட்ட காலையில் அங்கே கால் பெடலை விட்டு வழுக்கியது. கணுக்கால் உடைந்தது. மீதிக் கதை உங்களுக்குத் தெரியும். கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடந்தேன். தம்பி என் மாவுக்கட்டின் மேல் சைக்கிள் படமாக வரைந்தான்.

கட்டுப் பிரித்த அன்று உங்கள் அம்மா சத்தம் போடாமல் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள்.

"இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா, சைக்கிள் ஒட்டன்சத்திரத்துக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரும். அவரு தோட்டத்துக்குப் போக வர வச்சுக்கிருவாரு. சரியா?"

"சரி," என்றேன். நீங்கள் இரண்டு பேரும் சாட்சியாகப் பக்கத்தில் நின்றீர்கள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே யோசனைதான். விழவே கூடாது. விழுந்தால் சைக்கிள் மட்டுமா போகும், அந்த அமைதியும் போகும். மலையில் பார்த்துப் பழகின ஒரு வங்கிக்காரரிடம் கேட்டேன். என்னைவிடப் பத்து வயசு சின்னவர், சைக்கிளைப் பற்றி நிறையப் படித்தவர்.

"அண்ணே, நீங்க விழுந்தது பெடலால," என்றார். "ஃப்ளாட் பெடல்ல கால் சும்மா மேல உக்காந்துருக்கு. கல்லுல குதிச்சா அது ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். க்ளிப்லெஸ் போட்டுப் பாருங்க. எங்கிட்டப் பழசு ஒண்ணு சும்மாத்தான் கெடக்கு, ஷூவோட தாரேன்."

கொண்டுவந்து கொடுத்தார். ஷூவின் அடியில் ஒரு சின்ன இரும்புத் துண்டு. பெடலில் அதைக் கவ்வுகிற ஒரு வாய். மிதித்தால் டக்கென்று கவ்விக்கொள்ளும். அதன் பிறகு குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். மேலே தூக்கினால் விடாது, இழுத்தாலும் விடாது.

நம் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நான் பழகினது ஞாபகம் இருக்கிறதா? அக்கா வாசற்படியில் உட்கார்ந்து, "மாட்டு. திருப்பு. மாட்டு. திருப்பு," என்று டிரில் மாஸ்டர் மாதிரிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நூறு தடவை செய்தேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. தம்பி, "அப்பா பாஸ்," என்றான். அம்மா உள்ளே இருந்து, "பாஸா ஃபெயிலாங்கிறத மலை சொல்லட்டும்," என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் உங்களுக்கு முழுசாகச் சொல்லவில்லை.

மேலே வேனிலிருந்து இறங்கி, ஷூவை மாட்டிப் பாதையில் விட்டேன். அதை எப்படி எழுதுவது. கனவில் நடப்போமே, கால் தரையில் படாமல், ஆனால் போய்க்கொண்டே இருப்போமே, அந்த மாதிரி. பெடலை மிதிக்கிற வேலையே இல்லை, மேலே இழுத்தாலும் சைக்கிள் கூட வந்தது. சைக்கிள் எனக்குக் கீழே ஓடவில்லை. நானே சக்கரமாக ஓடினேன். பனி முகத்தில் பட்டுப் பட்டுப் பிரிந்தது. பலா பழுத்த வாசம் ஒரு திருப்பத்தில் வந்தது, அடுத்த திருப்பத்தில் இல்லை. பாறை வந்தது, சமவெளி வந்தது. அந்த மூன்று கல்படிகள் வந்தன. கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று தோன்றியது. மூடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. கால் அசையவில்லை. நான் உடைந்த இடத்தை நான் முழுசாகக் கடந்துவிட்டேன்.

அதற்குக் கீழே பாதை லேசான சரிவு. எதையும் நினைக்காமல் வந்தேன். ரோட்டு வளைவில் பாதை வந்து சேருகிற இடத்தில் கருப்பு கோயில் இருக்கிறதே, கோயில் என்றால் ஒரு மரம், நாலு வேல், ஒரு மணி. மலை ஏறுகிற வண்டி எல்லாம் அங்கே நின்றுதான் போகும். நானும் வேகத்தைக் குறைத்தேன்.

சின்ன வயசிலிருந்தே நம் பக்கத்து ஆட்கள் சைக்கிளில் போகும்போது கோயிலைக் கண்டால் என்ன செய்வோம்? இறங்க நேரமிருக்காது. வலது காலைச் செருப்பிலிருந்து உருவி, செருப்பு மேலேயே வைத்துக்கொண்டு, ஒரு கையால் நெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவோம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கால் தானாகச் செய்யும். அன்றைக்கும் என் கை நெஞ்சுக்குப் போனது. கால் செருப்பை விட்டு மேலே வரப் போனது.

வரவில்லை.

குதிகாலைத் திருப்ப வேண்டும் என்று மண்டைக்குத் தெரியும். அக்கா "திருப்பு" என்று சொன்னது காதில்கூடக் கேட்டது. ஆனால் சாமிக்கு முன்னால் செருப்பைக் கழற்றப் போகிற காலுக்கு அது தெரியவில்லை. அது மேலே மேலே இழுத்தது. சைக்கிள் அதற்குள் நின்றுவிட்டது. அப்படியே, வெட்டின வாழை சாய்வது போல, மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தேன். விழுந்து முடிக்கவே ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது. மரத்துக் கிளையில் ஒரு குரங்கு தன் குட்டிக்குப் பேன் பார்ப்பதைப் பார்த்தேன். வேலில் குத்தியிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன். பிறகு தரை வந்தது. கீழே கிடந்தும் இரண்டு காலும் பெடலிலேயே இருந்தன.

இரண்டு குதிரைகளோடு ஓர் ஆள் மர நிழலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவசரப்படாமல் எழுந்து வந்தார்.

"சாமி கேட்டுச்சாண்ணே, இப்படி உருண்டு கும்பிடச் சொல்லி?"

"காலு வரமாட்டேங்குது," என்றேன்.

அவர் என் ஷூவைத் திருப்பி அடியில் பார்த்தார். "அட, லாடம். காலுக்கு லாடம் அடிச்சிருக்கீங்க." பிறகு பெடலைப் பார்த்தார். குதிகாலைத் திருப்பச் சொன்னேன், திருப்பிக் கழற்றிவிட்டார். "நாங்களும் குதிரைக்கு லாடம் அடிக்கிறோம்ணே. ஆனா அதைத் தரையோட சேர்த்து அடிக்கிறதில்ல."

முழங்கையில் தோல் போயிருந்தது. இடுப்பில் வலி. சட்டையின் முழுக்கையை இறக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தம்பி வாசலிலேயே நின்றிருந்தான்.

"அப்பா, விழலல்ல?"

"இல்லப்பா. கல்லுப்படியே இறங்கிட்டேன்."

நான் சொல்ல வேண்டியது இதுதான். அன்றைக்கு நான் விழுந்தேன். தம்பி, உன்னிடம் பொய் சொன்னேன். நீ போய் அம்மாவிடம், "அப்பா கல்லுப்படியே இறங்கிட்டாங்களாம்," என்று குதித்துக்கொண்டு சொன்னாய். கல்படி இறங்கினது நிஜம். அந்த நிஜத்தை முன்னால் நிறுத்தி மற்றதை அதற்குப் பின்னால் ஒளித்தேன்.

மூன்று நாள் மில்லுக்குப் போனேன். சத்தம் முன்னைவிடக் கூடுதலாக இருந்தது. மலைக்குப் போய்விட்டு வந்தால் செவ்வாய்க்கிழமை வரைக்கும் காது லேசாக இருக்கும். இந்த முறை திங்கட்கிழமையே போய்விட்டது. வேலையில் நிற்கும்போது இரண்டு காலும் தரையோடு கவ்விக்கொண்டது போல ஒரு நினைப்பு. சும்மா குதிகாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் உங்கள் அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் டியூஷனில் இருந்தீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் இரண்டு எடுத்து உரித்தேன்.

"ஞாயித்துக்கெழம விழுந்துட்டேன்," என்றேன்.

அவள் நிமிரவில்லை. "தெரியும். சட்டையில முழங்கைகிட்ட ரத்தம் காஞ்சிருந்துச்சு. நீங்களாச் சொல்றீங்களான்னு பாத்தேன். எங்க விழுந்தீங்க?"

"கருப்பு கோயில் முன்னாடி."

"வேகமா வந்தா?"

"இல்ல. நின்னுக்கிட்டே."

இப்போது நிமிர்ந்தாள். "நின்னுக்கிட்டே எப்பிடி விழுவீங்க?"

"செருப்பக் கழட்டப் போனேன்."

வெங்காயத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தாலா என்று கேட்கத் துணியவில்லை. சிரித்து முடித்ததும் முகம் பழையபடி ஆகிவிட்டது.

"மொதத் தடவ விழுந்தப்ப காலுல என்ன போட்டிருந்தீங்க?"

"ரப்பர் செருப்பு."

"மழையில. கல்லுல. ரப்பர் செருப்பு."

அவ்வளவு நாளும் பெடலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். வங்கிக்காரரும் நான் என்ன போட்டிருந்தேன் என்று கேட்கவில்லை. அவர் கனவிலும் மலையில் ரப்பர் செருப்போடு ஒருத்தன் இறங்குவான் என்று நினைத்திருக்கமாட்டார்.

"அந்த லாடத்தத் திருப்பிக் குடுத்துருங்க," என்றாள். "சைக்கிளப் பத்தி ஞாயித்துக்கெழம சொல்றேன். நானும் வாரேன். கண்ணால பாக்கணும்."

அதனால்தான் அந்த வாரம் நாம் நாலு பேரும் வேனில் போனோம். பிக்னிக் என்று நீங்கள் நினைத்தீர்கள். அது எனக்குப் பரீட்சை. ஃப்ளாட் பெடலையே திரும்ப மாட்டியிருந்தேன், பழையது இல்லை, மேலெல்லாம் சின்னச் சின்னக் கம்பி முள் வைத்தது. ஷூ அடியைக் கடித்துப் பிடிக்கும், ஆனால் தூக்கினால் விட்டுவிடும். காலில் கான்வாஸ் ஷூ. உங்களைக் கோயில் வளைவில் இறக்கிவிட்டு வேன் என்னை மேலே கொண்டுபோனது.

அன்றைக்கும் பனி இருந்தது. ஆனால் நான் சக்கரமாகவில்லை. நான் வேறு, சைக்கிள் வேறு. ஒவ்வொரு கல்லிலும் கால் கொஞ்சம் நகர்ந்தது, ஒவ்வொரு முறையும் திரும்ப வைத்தேன். அந்த மூன்று படிகள் வந்தபோது நின்றேன். போகலாம் என்று கால் சொன்னது. நீங்கள் மூன்று பேரும் கீழே நிற்கிறீர்கள் என்று மண்டை சொன்னது. இறங்கி, சைக்கிளைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினேன். பிறகு ஏறிக்கொண்டேன்.

வளைவில் மரம் தெரிந்தது. அம்மாவின் மஞ்சள் சேலை தெரிந்தது. வேகத்தைக் குறைத்தேன். கை நெஞ்சுக்குப் போனது. கால் தானாகத் தூக்கியது. வந்துவிட்டது. அப்படியே தரையில் ஊன்றி நின்றேன்.

தம்பி, "அப்பா, கல்லுப்படி?" என்று கத்தினான்.

"தள்ளிக்கிட்டு வந்தேன்ப்பா," என்றேன். உன் முகம் சுருங்கியது. நான் ஏன் தள்ளினேன் என்று இப்போது உனக்குத் தெரியும்.

உங்கள் அம்மா சைக்கிளைப் பார்க்கவில்லை. என் காலை மட்டும் பார்த்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நான் குடித்து முடித்தேன். மேலே வாழை ஏற்றிக்கொண்டு அந்த வேன் வளைவில் இறங்கி வந்து, கோயிலுக்காக நின்றது.

"அடுத்த வாரத்துக்கும் வேன்காரருகிட்ட இப்பவே சொல்லி வச்சிருங்க," என்றாள்.

சொல்லி வைத்தேன். இன்றுவரை அந்தப் படிகளில் தள்ளிக்கொண்டுதான் வருகிறேன். பாறை ஓரத்தில் காது இன்னும் அமைதியாகிறது.