நாலு மணிக்குக் கிளம்பிவிடும் கல்லூரி

எங்கள் பெரியப்பா காலேஜ் பார்க்கப் போனபோது கட்டடத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. யார் பாடம் நடத்துகிறார்கள் என்றும் கேட்கவில்லை. நேராகப் பஸ் நிறுத்துகிற கொட்டகைக்குப் போய்க் குனிந்து டயரைப் பார்த்தார். கட்டைவிரலால் அழுத்தினார். வண்டிக்கு அடியில் தரையைத் தடவி, எண்ணெய் ஒழுகியிருக்கிறதா என்று விரலை முகர்ந்தார். அவர் சரக்கு வேன் ஓட்டுகிறவர். அவருக்குத் தெரிந்த பரீட்சை அதுதான்.

“சாயந்திரம் எத்தனை மணிக்கு எடுப்பீங்க?” என்று அங்கிருந்த டிரைவரைக் கேட்டார்.

“நாலு மணிக்குண்ணே. பிரின்சிபாலே ஓடி வந்தாலும் நிக்காது.”

பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. “வண்டியை இப்படி வச்சிருக்கிறவன் பிள்ளைங்கள மோசமா வச்சிருக்க மாட்டான்” என்றார். அத்தோடு முடிந்தது. அவர் மகளுக்கு சிவில், எனக்குக் கம்ப்யூட்டர். இரண்டு வீட்டிலும் எங்களுக்கு முன்னால் காலேஜ் வாசலை மிதித்தவர் யாரும் இல்லை. அதனால் அவரை எதிர்த்துப் பேசவும் ஆள் இல்லை. இன்றைக்கு இரண்டு வீட்டிலும் பட்டம் வாங்கிய முதல் ஆட்கள் நாங்கள். இதை உரக்கச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

பெரியப்பா மகளுக்கு நாங்கள் வைத்த பெயர் பம்பரம். என்னைவிடச் சில மாதம் மூத்தவள், ஆனால் அக்கா என்று கூப்பிட்டால் அடிப்பாள். இப்போது ஊர் ஊராகப் போய்ப் பாலங்களுக்குப் போடுகிற கான்கிரீட்டைச் சோதிக்கிற வேலையில் இருக்கிறாள். எந்த ஊரிலும் நிலையாகத் தங்குவதில்லை. அதுவே அவளுக்குப் பிடித்திருக்கிறது. சின்ன வயதிலேயே தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடிதான் சாப்பிடுவாள். “கால்ல சக்கரம் கட்டிக்கிட்டே பொறந்தவ” என்பது பெரியம்மாவின் தீர்ப்பு.

பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டுதான் வருவாள்.

“உட்காரேண்டி, சீட்டு என்ன கடிக்குதா?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்துவாள்.

“என் பங்குக்கும் சேர்த்து நீயே தூங்கு” என்பாள் இவள்.

முதல் இரண்டு வருடம் அவளுக்கு நெருப்பின் மேல் நிற்பது போலத்தான் போனது. பகல் முழுக்கச் சோதனைக்கூடத்தில் வெளியாட்கள் காசு கட்டிக் கொண்டுவருகிற கான்கிரீட் மாதிரிகளைத்தான் சோதிப்பார்கள். சிவில் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய நேரத்தில் ஒரு எந்திரத்தைச் சுற்றி ஒரு படையே நிற்கும். “முன்னால நிக்கிறவன் முதுகைத்தான்டா ரெண்டு வருஷமா படிக்கிறேன். பரீட்சையில அதைக் கேட்டா நான்தான் ஃபர்ஸ்ட்” என்பாள்.

உண்மையான வேலை நாலு மணிக்கு மேல்தான் ஆரம்பிக்கும். எந்திரங்கள் அப்போதுதான் சும்மா இருக்கும். ஹாஸ்டல் பிள்ளைகள் முகத்தைக் கழுவிவிட்டு சோதனைக்கூடத்துக்குப் போவார்கள். நாங்கள் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவோம். ஒரே காலேஜுக்குள் இரண்டு காலேஜ். அதில் ஒன்று தினமும் நாலு மணிக்குக் கிளம்பிவிடும், நாங்கள் படித்தது அதில்தான். இப்போது ஊரில் யாராவது எந்தக் காலேஜில் சேர்க்கலாம் என்று கேட்டு வந்தால், நான் பெயர் எதுவும் சொல்வதில்லை. நாலு மணிக்கு மேல் அங்கே போய் எந்தக் கதவு திறந்திருக்கிறது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்கிறேன்.

மூன்றாம் வருடம் கான்கிரீட் ஆராய்ச்சிக்கு ஒரு சிறு குழு எடுத்தார்கள். பம்பரம் போய் சோதனைக்கூடத்து மேடம் முன்னால் நின்றாள்.

“நீ பஸ் பிள்ளையா?” என்றார் மேடம்.

“ஆமா மேடம்.”

“அப்ப வேண்டாம்மா. பாதிக் கலவையில பையைத் தூக்கிட்டு ஓடுவ. போன வருஷம் ஒருத்தன் அப்படித்தான் ஓடினான். மிக்ஸருக்குள்ள இறுகினதைச் சுத்தியலால உடைச்சு எடுத்தோம்.”

“நான் ஓட மாட்டேன் மேடம்.”

“பஸ் ஓடும்ல?” மேடம் கையிலிருந்த பதிவேட்டைப் புரட்டினார். “வெள்ளிக்கிழமை முதல் கலவை. கடைசி வரைக்கும் இருந்து காட்டு. இல்லேன்னா அடுத்த ஆளைச் சேர்த்துக்குவேன்.”

அந்த வாரம் அவள் வீட்டில் நடந்த நடையில் தரை தேய்ந்திருக்கும். ஹாஸ்டல் பேச்சை எடுத்ததும் பெரியப்பா சாவிக்கொத்தை மேசையில் போட்டார்.

“வாசலுக்கே பஸ் வருது, ஹாஸ்டல் எதுக்கு? பஸ்ஸுக்காகத்தானே அங்க சேர்த்தேன்?”

“படிக்கத்தானேப்பா சேர்த்தீங்க?”

“அதையும் பண்ணு. நாலு மணிக்குள்ள பண்ணு.”

டவுன் பஸ்ஸில் வரலாம் என்றால் அது பெரிய ரோட்டோடு போய்விடும், அங்கிருந்து ஊருக்கு இருட்டில் நடக்க வேண்டும், அதுவும் கூடாது என்றார். சரி, காலேஜ் பஸ்ஸே ஆறு மணிக்கு இன்னொரு தடவை வரட்டும் என்று வண்டிகளுக்குப் பொறுப்பானவரிடம் போனாள். “ஒரு பஸ் நிறைய ஆள் காட்டு, விடறேன்” என்றார் அவர். சீட்டு சீட்டாக ஆள் பிடித்தாள்.

“ஆறு மணி வரைக்கும் இருந்து என்னக்கா பண்றது?” என்றான் ஒருவன்.

“படிக்கிறது.”

“அதைப் பகல்லயே பண்ணலையேக்கா!”

பஸ்ஸே சிரித்தது. மொத்தம் இரண்டு கைதான் உயர்ந்தது. ஒன்று, கேன்டீன் திறந்திருக்குமா என்று கேட்க உயர்ந்த கை. இன்னொன்று என்னுடையது. அதுவும் நானாகத் தூக்கவில்லை, அவள் பிடித்துத் தூக்கினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் என்னை மாடிப்படியில் மறித்தாள். “நான் இன்னிக்குப் பஸ் ஏறல. அப்பாகிட்ட நீ சொல்லிடு.”

“நானா? உங்கப்பாகிட்டயா?”

“நீதானே வீட்டுக்குப் போற?”

நாலு மணிக்கு பஸ் நகர்ந்தது. பெரியப்பாவிடம் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஊரில் இறங்கினால், எமன் மாதிரி பெரியப்பா நிற்கிறார்.

“அவ எங்கடா?”

“லேப்ல இருக்கா பெரியப்பா.”

“ஏன், பஸ் ரிப்பேரா?”

“இல்ல. பஸ் நல்லாத்தான் இருக்கு.”

அதுதான் அவரால் தாங்க முடியாத பதில். “ஏறுடா வண்டியில” என்றார்.

சரக்கு வேன் அன்றைக்குப் பறந்தது. எதிரில் யாருமே இல்லாத ரோட்டிலும் ஹாரன் அடித்தார். காலேஜில் இறங்கி, மிக்ஸர் சத்தம் வந்த திசையில் வேகமாக நடந்தார். நான் பின்னால் ஓடினேன். சோதனைக்கூடத்தின் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே பம்பரம் முழங்கை வரைக்கும் சாம்பல் நிறத்தில் நின்றாள்.

“கிளம்பு” என்றார் வாசலிலிருந்தே.

“வர முடியாதுப்பா. தண்ணி ஊத்தியாச்சு.”

“ஊத்தினா என்ன?”

“இனிமே இது யாருக்காகவும் நிக்காது. அச்சுல போட்டுக் குத்தி முடிக்கணும். இப்படியே விட்டா கல்லாயிடும்.”

மேடம் திரும்பிப் பார்த்தார். தடுக்கவுமில்லை, சிபாரிசு பண்ணவுமில்லை. பம்பரம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு இரும்பு அச்சில் கலவையை அள்ளிப் போட்டுக் கம்பியால் குத்த ஆரம்பித்தாள்.  குத்துவதை நிறுத்தவே இல்லை.

பெரியப்பா வேன் வரைக்கும் போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். சாவிக்கொத்து சலசலத்துக்கொண்டே இருந்தது.

“உன் நடை எங்கிருந்து வந்துச்சுன்னு இப்பதான்டி தெரியுது” என்று ஒரு ஹாஸ்டல்காரி அவள் காதில் சொன்னாள்.

கடைசி அச்சை மட்டம் தட்டி முடித்ததும் மேடம் கேட்டார். “நாளைக்கு அச்சைக் கழட்டணும். வருவியா?”

“வருவேன் மேடம்” என்றாள், அப்பாவைப் பார்க்காமலே.

“நாளைக்குமா?” பெரியப்பா முதல் தடவையாக வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். “இதெல்லாம் நாலு மணிக்குள்ள முடியாதுங்களா?”

“நாலு மணிக்குத்தாங்க ஆரம்பிப்போம். இந்த வருஷம் பூரா இப்படித்தான். ஆனா உங்க பொண்ணு நிப்பா. வேற ஆள் நான் தேடல.”

திரும்பும்போது மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம்.  பம்பரத்தின் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

“ஹாஸ்டல் கிடையாது” என்றார் பெரியப்பா.

“சரிப்பா.”

“டவுன் பஸ்ல வா. பெரிய ரோட்டுல நான் நிப்பேன். நான் லோடு போற அன்னிக்கு இவன் உன்கூடவே இருந்து கூட்டிட்டு வரட்டும்.”

என்னை யாரும் கேட்கவில்லை.

மறுநாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. பெரிய ரோட்டில் நின்ற ஒவ்வொரு நாளும் அவர் திட்டினார், ஒவ்வொரு நாளும் அவள் தாமதமாகத்தான் வந்தாள். அச்சிலிருந்து கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருந்த கான்கிரீட் கட்டிகள் முதிர்ந்து, உடைத்துப் பார்க்கிற நாள் வருவதற்குள் அவளுக்குத் தூக்கமே போய்விட்டது. அன்று பெரியப்பா லோடு போயிருந்ததால் நானும் சோதனைக்கூடத்தில் இருந்தேன்.

எந்திரம் கட்டியை அழுத்த அழுத்த, அளவு காட்டும் முள் மெல்ல ஏறியது.  பட்டென்று ஒரு சத்தம். கட்டி விரிசல் விட்டு உதிர்ந்தது. அடுத்ததும் அப்படியே.

“பலம் போதாது” என்றார் மேடம். “எதிர்பார்த்ததைவிட ரொம்பக் கம்மி.”

 பம்பரம் குனிந்து, உடைந்த துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “தண்ணி கூடிப்போச்சு மேடம். இன்னிக்கே இன்னொண்ணு போடலாமா?”

மேடம் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் மிக்ஸர் பக்கம் போயிருந்தாள்.

“டேய், மரம் மாதிரி நிக்காத. அந்த ஜல்லியை இப்படித் தள்ளு.”

“நான் கம்ப்யூட்டர்…” என்று இழுத்தேன்.

“கை இருக்குல்ல?” என்றாள் சிமெண்ட் மூட்டையைப் பிரித்துக்கொண்டே.