பத்தடிக்கு முன்னால் மடங்கும் குடை

வாசல் வர இன்னும் பத்தடி இருக்கும்போதே மீட்டர் அக்கா குடையை மடக்கிவிடுவாள். மண்டை பிளக்கிற நடுப்பகலானாலும் சரி, அந்தப் பத்தடியை வெறுந்தலையோடுதான் நடப்பாள். குடையைத் தோள்பைக்குள் திணித்து, ஜிப்பை இழுத்து மூடி, முகத்து வியர்வையைப் புறங்கையால் வழித்துப்போட்டு, அப்புறம்தான் மணியடிப்பாள்.

"நான் குடையோட போய் நின்னா, 'ஐயய்யோ, இன்னிக்கு வெயில் பொல்லாதது போலிருக்கே'ன்னு அவங்களும் உள்ள ஓடிருவாங்க. நான் அளக்கப் போறவ, கலைக்கப் போறவ இல்ல" என்பாள்.

அவள் அளப்பது ஆள்மேல் விழுகிற வெயிலை. மருத்துவமனையின் தோல் பிரிவில் அவளுக்கு அதுதான் வேலை. தபால்தலை அளவில் ஒரு வெள்ளைப் பேட்ஜ். அதைச் சட்டைப்பையின் மேல் குத்திக்கொண்டு ஒரு வாரம் நடமாட வேண்டும். வெயில் படப்பட வெள்ளை மங்கி இளம் ஊதாவாகும். ஊதா முற்றி முற்றிக் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்து நிற்கும். கூடவே ஒரு சின்ன நோட்டு. எத்தனை மணிக்கு வெளியே போனாய், தொப்பி போட்டாயா, முழுக்கைச் சட்டையா என்று அன்றாடம் எழுத வேண்டும். வாரக் கடைசியில் இரண்டையும் வாங்கி, பேட்ஜைக் கறுப்பு உறையில் போட்டு ஒட்டி, டாக்டரம்மாவின் மேசையில் சேர்ப்பது அக்காவின் பாடு.

அதற்கு முன் பத்தொன்பது வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவள். மீட்டர்கள் தம் கணக்கைத் தாமே அனுப்பிக்கொள்ளத் தொடங்கியதும் வேலை போயிற்று, பெயர் போகவில்லை. புத்தியும் போகவில்லை. இன்றைக்கும் மனிதர்களை யூனிட்டில்தான் நினைவு வைத்திருக்கிறாள். "அவரா? முப்பத்தாறு யூனிட் மனுஷர். ஃபேனைக்கூட யோசிச்சுத்தான் போடுவார்." "அந்த வீடா? நானூறு ஓடும். மாமியாருக்கு ஒரு டிவி, மருமகளுக்கு ஒரு டிவி, நடுவுல பாவம் அந்த ஆளுக்கு ஒரு ஹெட்போன்."

கையில் எப்போதும் ஒரு அமுக்குப் பேனா இருக்கும். கோபம் வந்தால் டக் டக், சந்தோஷம் வந்தாலும் டக் டக். எது எதென்று வேகத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்த அண்ணன் கப்பலில் சமையல்காரர். அடுத்த அக்கா மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் இரண்டாவது மகனைக் கட்டிக்கொண்டு மாடியும் கீழுமாக நிறைந்து வாழ்கிறாள். கடைக்குட்டி, தம்பி. இந்தத் தம்பிக்கு அப்பா வழிக் காது வாய்த்துவிட்டது. அப்பாவுக்கு, பெரியப்பாவுக்கு, பெரியப்பாவின் நடுமகனுக்கு, எல்லோருக்கும் விசிறி மாதிரி விரிந்த காது. பெண்கள் மட்டும் அம்மா வழிக் காதோடு பிறந்து தப்பித்துக்கொண்டார்கள்.

தம்பிக்கு ரோட்டில் வெள்ளைக் கோடு போடுகிற வேலை. ஒன்பது மணிக்கு ஆரம்பித்து நாலு மணி வரைக்கும். மேலே வெயில், கீழே கொதிக்கிற பெயின்ட், நடுவில் மெஷினைத் தள்ளிக்கொண்டு தம்பி. போன வருடம் இடது காது மடலில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. பிறை மாதிரி ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். "நடுப்பகல் வெயில் இனிமே உங்களுக்கு ஆகாது" என்றார் டாக்டரம்மா. ரோட்டுக்கு அது தெரியுமா?

டாக்டரம்மா விடவில்லை. கோடு போடுகிற கம்பெனியின் முதலாளியிடமே போய்ப் பேசினார். விடியற்காலையில் வேலையை ஆரம்பித்து பத்தரைக்கு முடிக்கச் சொல்லிக் கேட்டார். முதலாளி யோசித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்: "வாய்ப்பேச்சு வேண்டாம். ஆபீசுல உக்கார்றவங்களைவிட ரோட்டுல நிக்கிறவங்களுக்கு ரெண்டு மடங்கு வெயில்னு எண்ணுல காட்டுங்க. மறுவாரமே நேரத்தை மாத்தறேன். காட்ட முடியலேன்னா இந்தப் பேச்சை இத்தோட விட்டுடணும்."

இரண்டு மடங்கா! இருபது மடங்கு வரும் என்று அக்கா குதித்தாள். ரோட்டு ஆட்கள் முப்பது பேர், அதே கம்பெனியின் ஆபீஸ் ஆட்கள் முப்பது பேர், ஆக அறுபது பேட்ஜ். ஒவ்வொன்றையும் அவளே குத்தினாள், அவளே வாங்கினாள்.

வியாழக்கிழமை டாக்டரம்மா உறைகளைப் பிரித்து மேசைமேல் இரண்டு வரிசையாகப் பரப்பினார். ஒரு வரிசை நல்ல ஊதா. இன்னொரு வரிசை வெள்ளை வெளேர். ஊதா வரிசை ஆபீஸ். வெள்ளை வரிசை ரோடு.

"அக்கா, உறையை மாத்திப் போட்டுட்டீங்களா?"

"பத்தொன்பது வருஷத்துல ஒரு வீட்டு ரீடிங்கை அடுத்த வீட்டுக்கு எழுதினதில்ல, டாக்டரம்மா."

"அப்போ நான் என்ன செய்யறது? திங்கட்கிழமை முதலாளிகிட்ட இதைத்தான் கொடுத்தாகணும்."

அக்கா குனிந்து தம்பியின் பேட்ஜைத் தேடி எடுத்தாள். பால் மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் தம்பி வீட்டில் அக்கா செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. "டேய்! உன் காதைத் தின்னது நிலா வெளிச்சமாடா?"

"என்னக்கா, வந்ததும் வராததுமா..."

"உன் பேட்ஜ் பால் மாதிரி இருக்கு. அத்தனை பேர்லயும் உன்னோடதுதான் வெள்ளை."

தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. "நெஜமாவா? அப்போ நான்தான் ஜெயிச்சேனா!"

"என்னத்தை ஜெயிச்சே?"

"யாரோடது கடைசி வரைக்கும் வெள்ளையா இருக்குன்னு எங்களுக்குள்ள பந்தயம்க்கா. லேசா ஊதா ஏறிச்சுன்னா ஓடிப்போய் லாரிக்கு அடியில உக்காந்துக்குவோம். அந்த வாரம் பாதிக் கோடுதான் போட்டோம்."

"மேஸ்திரி சும்மாவா இருந்தார்?"

"அவருந்தானே பேட்ஜ் குத்தியிருந்தார்? எங்களுக்கு முன்னாடி லாரிக்கடியில அவர்தான் இருப்பார்."

துணி மடித்துக்கொண்டிருந்த தம்பி மனைவி குறுக்கே புகுந்தாள். "இவர் தொப்பி போட்டதே அந்த ஒரு வாரந்தான், அண்ணி. நீங்க பேட்ஜை வாங்கிட்டுப் போனீங்க, மறுநாளே தொப்பி ஆணிக்குப் போயிடுச்சு. இப்ப அதுல பல்லி குடியிருக்கு."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "அந்த நோட்டை நீதானேக்கா படிக்கப்போறே. காதை அறுத்த பிறகும் வெறுந்தலையா நின்னேன்னு உனக்கு எழுதிக் கொடுக்க வெக்கமா இருந்திச்சு. ஒரு வாரம் நல்ல பிள்ளையா இருந்துட்டேன்."

திட்டத்தான் வாயெடுத்தாள். கையிலிருந்த பேனா டக் என்றது. பிறகு டக் டக். பிறகு டக்டக்டக்டக் என்று நிறுத்தாமல் ஓடியது. அது கோபத்தின் வேகம் இல்லை.

மறுநாள் காலையில் கம்பெனி ஆபீஸ் கதவு திறந்ததும் முதலில் நுழைந்தவள் அவள்தான். நேரே கடிதப் பிரிவுக்குப் போய், அங்கே வேலை பார்க்கிற அந்த முப்பத்தாறு யூனிட் மனுஷர் முன்னால் நின்றாள். சீட்டை விட்டு எழுந்திருக்கக் காசு கேட்கிற ஆள். அவருடைய பேட்ஜ் ஊதாவிலும் ஊதா.

"அதை ஏம்மா கேக்கறீங்க" என்று அவர் சிரித்தார். "திங்கட்கிழமை வெள்ளை, செவ்வாய்க்கிழமையும் வெள்ளை. பக்கத்து சீட்டு அம்மா எட்டிப் பார்த்து, 'என்ன சார், உயிரோடதான் இருக்கீங்களா?'ன்னுட்டாங்க. ரோஷம் வந்திடுச்சு. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கிட்டு மொட்டைமாடிக்குப் போயிட்டேன். மறுநாள் பார்த்தா மொத்தப் பிரிவும் மாடியிலதான் சாப்பிடுது!"

"இப்பவும் போறீங்களா, சார்?"

"இப்ப எதுக்கு? அதான் பேட்ஜ் இல்லையே."

அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அழுகை மாதிரியும் இருந்தது. அவரை விட்டால்தானே! மதிய இடைவேளையில் அவரை ஒரு கையிலும், ரோட்டிலிருந்து வரவழைத்த தம்பியை இன்னொரு கையிலுமாக இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்குள் புகுந்தாள்.

"ரெண்டு பேரும் வாட்சைக் கழட்டுங்க."

முப்பத்தாறு யூனிட்டின் மணிக்கட்டில் பட்டை இருந்த இடமும் ஒன்றுதான், இல்லாத இடமும் ஒன்றுதான். தம்பி கழற்றினான். பட்டைக்கு அடியில் அம்மா பெற்றுப்போட்ட நிறம் வளையமாக அப்படியே இருந்தது. அதைச் சுற்றி மேலும் கீழும் கருகின கை. ஒரே கையில் இரண்டு பேர் குடியிருந்த மாதிரி. டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இதுவும் ஒரு நோட்டுதான், டாக்டரம்மா. இதுல யாரும் வெக்கப்பட்டு மாத்தி எழுத முடியாது."

"அப்போ பேட்ஜ் பொய் சொல்லுதுன்னா சொல்றீங்க?"

"பேட்ஜ் நெஜத்தைத்தான் சொல்லுது. ஆனா பேட்ஜ் இருந்த வாரத்து நெஜம் அது. புதுசா குடிவந்தவன் முதல் மாசம் லைட்டை அணைச்சு அணைச்சு வாழுவான், மீட்டர்காரி வந்து பார்ப்பாளேன்னு. நான் நாலாம் மாசத்து ரீடிங்கைத்தான் நம்புவேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "கலைக்கக் கூடாதுன்னு குடையை மடக்கினேன். என்னை மடக்கலையே! கண்ணுக்கு முன்னால நிறம் மாறுற பேட்ஜ், தினம் கேள்வி கேக்கற நோட்டு, கடைசியில வந்து நிக்கிற நான். அத்தனையும் குடைதான், டாக்டரம்மா. விரிச்சுப் பிடிச்சுக்கிட்டே அளந்திருக்கேன்."

டாக்டரம்மா அந்த நிமிடமே முதலாளிக்கு ஃபோன் போட்டார். பேச்சு நீண்டது. அக்காவின் பேனாவை முப்பத்தாறு யூனிட் பிடுங்கித் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கடைசியில், மறுபடி அளக்க ஆறு வாரம் கிடைத்தது. "அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது" என்றாராம் முதலாளி.

இந்தத் தடவை நோட்டு இல்லை. பேட்ஜ் நெஞ்சில் இல்லை. கழுத்துக்குப் பின்னால், கண்ணுக்கு எட்டாத இடத்தில். ரோட்டு ஆட்களுக்குக் காலரின் பின்பக்கம், ஆபீஸ் ஆட்களுக்கு அடையாள அட்டைப் பட்டையின் பின்பக்கம். ரோட்டு ஆட்களின் வேலைச் சட்டைகள் கம்பெனி ஷெட்டில் தொங்கும்போதே ஆள் வருமுன் அக்கா போய் மாற்றிவிடுவாள். முதல் மூன்று வாரத்துப் பேட்ஜ்கள் கணக்கில் சேராது. அறுபது பேருக்கும் இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். "நீங்க செய்ய வேண்டிய வேலை ஒண்ணே ஒண்ணுதான்: மறந்துடுங்க" என்றாள் அக்கா. தம்பியை மட்டும் விட்டுவிடலாமா என்று டாக்டரம்மா கேட்டார். "என் காதுலதானே இது ஆரம்பிச்சுது? காதே இல்லாம கணக்கா?" என்று அவன் மறுத்துவிட்டான்.

ஆறு வாரம்! ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வீட்டுக்குப் போவாள். ஆணியில் தொப்பி தொங்கும். 'போட்டுக்கடா' என்ற ஒரு சொல் தொண்டை வரைக்கும் வரும். சொன்னால் அளவு கெட்டது. சொல்லாவிட்டால் மனசு கெட்டது. பேச்சு தொப்பிப் பக்கம் திரும்பினாலே எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். "அண்ணி குடிக்கிற தண்ணிக்கு ஒரு மீட்டர் வைக்கணும்" என்றாள் தம்பி மனைவி.

கடைசிச் சனிக்கிழமை. ஷெட்டுக்குச் சட்டை வந்து சேரும் வரை பொறுக்க முடியவில்லை. பன்னிரண்டரை மணிக்கு ரோட்டுக்கே போய்விட்டாள். ரோட்டை மறித்து வைத்திருந்த கூம்புகள் வரப் பத்தடி இருக்கும்போது குடையை மடக்கிப் பைக்குள் வைத்தாள். லாரிக்கு அடியில் ஒருவருமில்லை. தம்பி முதுகைக் காட்டிக்கொண்டு வெறுந்தலையாக மெஷினைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஈரக் கோடு கண்ணைப் பறித்தது. இரண்டு காதும் வெயிலில் விரிந்து நின்றன.

ஓசைப்படாமல் பின்னால் போய்க் காலரில் கை வைத்தாள். தம்பி பிடரியில் பட்டென்று ஓர் அடி போட்டுக்கொண்டான்.

"சே, என்னது, பூச்சியா?"

அக்கா பேட்ஜைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். முற்றின கத்தரிக்காய், காம்பு வைக்காத குறைதான்.

"பூச்சிதான்டா, தம்பி" என்றாள்.

கறுப்பு உறைக்குள் போட்டாள். எச்சில் தொட்டு ஒட்டினாள். கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள். அடுத்த நொடி தோள்பையின் ஜிப் கிழிந்துவிடும் போல இழுபட்டது. குடை படாரென்று விரிந்தது, அவன் தலைக்கு மேலே, இடது காதுப் பக்கமாகச் சாய்ந்து.