தேரோட்டத்தில் புது போன்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரைப் படம் எடுக்கத்தான் அவ்வளவு விலை கொடுத்துப் போன் வாங்குகிறேன் என்று ராஜபாளையத்தில் வீட்டில் சொல்லியிருந்தேன். தேரன்று காலை கூட்டத்துக்குள் நுழைந்ததுமே அந்த எண்ணம் போய்விட்டது. வெளியே எடுத்தால் யாராவது தட்டிவிடுவார்கள். எடுக்காவிட்டால் சட்டைப் பையிலிருந்து நழுவிவிடும். வலது கையால் வடத்தைப் பிடித்துக்கொண்டு இடது கையால் பையை அழுத்திக்கொண்டேன். பக்கத்தில் குனிந்தவன் மேலும் சந்தேகம், பின்னால் இடித்தவன் மேலும் சந்தேகம்.

"அத்தான், ரெண்டு கையும் போட்டு இழுங்க," என்றான் எனக்கு முன்னால் வடம் பிடித்திருந்த மச்சினன். அவனுடையது மலிவான போன், கண்ணாடியில் நீளமாக ஒரு கீறல். திரும்பி நின்று, அதைத் தலைக்குமேல் தூக்கி, தேரைப் பார்த்து நாலு படம் எடுத்தான். அப்படியே மடியில் செருகிக்கொண்டு மறுபடி இழுக்க ஆரம்பித்துவிட்டான். எனக்கு எரிச்சலாக வந்தது.

நாங்கள் வீடு திரும்புவதற்குள் அவன் எடுத்த படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிருந்தது. பின்னால் தேர், கொஞ்சம் மங்கலாக. முன்னால் நான், நெஞ்சில் கை வைத்தபடி.

"எம்புட்டு பக்தி! அப்படி உருகி என்னதான் வேண்டிக்கிட்டீக?" என்றாள் மனைவி, தன் போனைப் பார்த்துக்கொண்டே.

என் போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கினேன். கொடுத்த விலைக்குத் திரை நன்றாகத்தான் இருந்தது. நெஞ்சில் வைத்த கையின் விரல் இடுக்கில், பையிலிருந்த போனின் முனை பளிச்சென்று தெரிந்தது.