இதற்கு மேல் பெரிதாகாத எழுத்து

சென்ற சனிக்கிழமை மாலை ஏறாவூரில் ஒரு விவாத அரங்கு. ஓய்வுநேர வாசிப்புக்கு உகந்தது அச்சுப் புத்தகமா, மின்வாசிப்பானா? ஒரு மண்டபத்தை நிறைக்க இதைவிடப் பாதுகாப்பான தலைப்பு உண்டா? எவரும் கோபித்துக்கொண்டு எழுந்து போக மாட்டார்கள்.

அச்சுப் புத்தக அணிக்கு நான் தலைவன். நிறைவுப் பேச்சாளன் அன்ரன் — தேற்றாத்தீவில் என் அயல்வீட்டுக்காரன். பாடசாலை நாள் முதல் என்னோடு மேடையேறி வருபவன்.

வழக்கமாகச் சீட்டுக் குலுக்கித்தான் அணி பிரிப்போம். எந்தப் பக்கம் விழுந்தாலும் அதற்காக உயிரைக் கொடுத்துப் பேசுவதே நாங்கள் பெற்ற பயிற்சி. இம்முறை அன்ரன் சீட்டை எடுக்கவே விடவில்லை. "எனக்குப் புத்தகப் பக்கம்தான் வேணும்" என்று ஏற்பாட்டாளரிடம் அடம்பிடித்து வாங்கினான்.

பேசினான். கையில் குறிப்புத்தாள் இல்லை. தாளின் மணம், ஓரம் மடித்த பக்கம், இரவல் நூலுக்குள் முன்பு வாசித்தவர் மறந்துவிட்டுப்போன பஸ் டிக்கெட்... எதிரணியை ஒரு சொல்லாலும் தாக்கவில்லை. மறுப்புரையே இல்லாத நிறைவுரையா? தலைவனாகிய எனக்கு எரிச்சல். ஆனால் சபை கட்டுண்டு கிடந்தது. வென்றோம். சிறந்த பேச்சாளன் பரிசும் அவனுக்கே. அப்பரிசை யார் எதிர்பார்த்திருந்தார் என்பதை உங்களுக்கு நான் சொல்லத்தான் வேண்டுமா?

திரும்பும்போது கல்முனை பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. அமர்ந்ததும் அன்ரன் பையிலிருந்து எடுத்தது — ஒரு மின்வாசிப்பான்.

"வெக்கமில்லையாடா? இப்பதானே புத்தகத்துக்காக உருகினாய்."

"பேசாம இரு மச்சான். கதை நல்ல கட்டத்துல நிக்கிது."

எட்டிப் பார்த்தேன். திரையில் மூன்றே சொற்கள். ஒவ்வொன்றும் கடைப் பெயர்ப்பலகை போல. மூக்கு முட்டும் தூரத்தில் பிடித்து, தட்டித் தட்டி நகர்த்திக்கொண்டிருந்தான்.

"என்ன இது, அரிச்சுவடியா?"

"ஓம். கொஞ்ச நாளா நான் பாலர் வகுப்புத்தான்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"விழித்திரை பழுதாம். புத்தகத்தத் திறந்தா கறுப்புக் கோடுதான் தெரியுது, எழுத்துத் தெரியுதில்ல. அதான் சுவிஸில இருக்கிற அக்கா இத அனுப்பினா."

"மறுகா? டொக்டர் என்ன சொல்றார்?"

"இன்னும் குறையுமாம். எவ்வளவு கெதியா எண்டு சொல்லேலாதாம்." விரலால் தடவி, எழுத்தளவைக் காட்டும் ஒரு கோட்டைத் திரைக்குக் கொண்டுவந்தான். புள்ளி அதன் வலது முனையில் நின்றது. "இதுதான் கடைசி. இதுக்கு மேல பெருசாக்க ஏலா. நான் எல்லாம் அமத்திப் பாத்திட்டன்."

மேடைப் பேச்சாளருக்கு ஒரு நோய் உண்டு: எதைக் கேட்டாலும் அது வாதமாகவே கேட்கும். நம் பகுதியில் எங்களைச் செத்தவீடுகளுக்கும் அழைப்பார்கள், இரங்கலுரை நிகழ்த்த. அங்கே நல்லதை மட்டுமே சொல்ல வேண்டும். எவரையும் தாக்கக் கூடாது. அன்ரன் அன்று நிகழ்த்தியது அந்த உரையைத்தான். குறிப்புத்தாள் இல்லாமல் பேசியதும் திறமையைக் காட்டுவதற்கன்று. அதற்கு நடுவர்கள் புள்ளி போட்டார்கள், சபையோர் கைதட்டினார்கள், நான் பொறாமைப்பட்டேன்.

"இது வாசிச்சும் காட்டுமே?" என்றேன்.

"காட்டும். ரெயில் வருகுது எண்டு அறிவிக்கிற மாதிரி."

"அப்ப நான் வாசிக்கிறன்."

"நீயா? கதையில அவன் அவளுக்கிட்ட மனசத் திறக்கிற இடத்தயும் 'அவையோர்களே' எண்டுதான் தொடங்குவாய்."

"தொடங்கமாட்டன். தா."

பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியது. வாவியில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. சற்று யோசித்தவன் மின்வாசிப்பானை என் மடியில் வைத்தான்.

"எழுத்தச் சின்னனாக்கிப்போட்டு வாசி. உனக்கு அது போதும்."

சின்னதாக்கினேன். ஒரு முழுப் பக்கம் திரையில் வந்து நிறைந்தது. அவன் ஒருகணம் அதைப் பார்த்துவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நான் வாசிக்கத் தொடங்கினேன்... தேற்றாத்தீவு வரும்வரை குரலை உயர்த்த எனக்குத் துணிவு வரவில்லை.