மைப்பெட்டியைக் குப்பையில் போட்டேன்

யாராவது என்னை சமூக சேவகி என்று பாராட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாவலூரில் எங்கள் அடுக்குமாடியில் கூட்டித் துடைக்கும் பெண்களுக்கு ஞாயிறு மதியம் எழுத்தும் கொஞ்சம் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்தோம். ஐடி ஆபீஸ் போகிற நாலு பேர், சம்பளமில்லாத டீச்சர்கள். என்னிடம் வந்தவர் செய்யூர்ப் பக்கத்து அக்கா ஒருவர். கணவர் இல்லை. ஒன்பது வருஷமாக இந்த வேலைதான் அவர் வீட்டில் உலை வைத்தது.

முதல் நாளே தெளிவாகச் சொன்னார். "மேடம், கையெழுத்தெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். கான்ட்ராக்ட் ஆபீஸ்ல குடுக்குற காகிதத்துல இன்னா எழுதிக் கீதுன்னு தெரிஞ்சா போதும்."

நான் கேட்டேனா? பெரிய மேதாவியாச்சே! படிக்க வருஷக்கணக்காகும், கையெழுத்து ஒரு மாதத்தில் வந்துவிடும், அவருக்கும் ஒரு தெம்பு வரும் என்று நானே முடிவு செய்தேன். வந்தது. பெயரை எழுதி அடியில் ஒரு கோடும் இழுத்தார். அவர் கைநாட்டு வைத்த மைப்பெட்டியை எல்லார் முன்னாலும் குப்பைத்தொட்டியில் போட்டேன். கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். அப்புறம் எனக்கு ஆபீஸில் வேலை நெருக்கியது. "அடுத்த வாரம் படிக்கலாம்க்கா" என்று நாலு மாதம் சொன்னேன், வெட்கமில்லாமல்.

அந்தச் சமயத்தில் துப்புரவு கான்ட்ராக்ட் கை மாறியது. பழைய கான்ட்ராக்டர் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரு இங்கிலீஷ் காகிதத்தை நீட்டினார். கைநாட்டு என்றால் படித்துச் சொல்லி, சாட்சி வைத்துத்தான் விரலை உருட்டவேண்டும். அது அங்கே வழக்கம். படித்துக் காட்டியதும் கைநாட்டுப் பெண்கள் கத்திக் கூச்சல் போட்டுவிட்டார்கள். "நானாகவே வேலையை விட்டு நிற்கிறேன்" என்று அதில் எழுதியிருந்தது. ஒருத்தியும் விரலைக் கொடுக்கவில்லை. புது கான்ட்ராக்டரிடம் அவர்கள் வேலை நிலைத்தது.

அக்காவை அவர்களுக்கு முன்பே கூப்பிட்டுவிட்டார்கள். அவருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. பேனாவைத்தான் கொடுத்தார்கள்.

"என்ன காகிதம்னு கேக்கக் கூடாதாக்கா?" என்று அவர்மேலேயே எரிந்து விழுந்தேன்.

"கேட்டேன் மேடம். கையெழுத்துப் போடத் தெரியுது, படிக்கத் தெரியாதான்னாங்க. ஆபீஸ்காரங்க எல்லாரும் பாத்துகினு இருந்தாங்க. வெக்கமா பூட்ச்சி."

அந்தக் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசரிடம் சண்டைக்குப் போனேன். அவர் நிதானமாகக் காகிதத்தை எடுத்துக் காட்டினார். அடியில் நான் பழக்கிய கோட்டோடு அக்காவின் பெயர். "படிச்சவங்க மேடம். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?" என்றார்.

அக்கா ஊருக்கே போய், வேர்க்கடலை பிடுங்கக் கூலிக்குப் போகிறார். எனக்கு மனசு ஆறவில்லை. இந்த முறை படிப்புத்தான் முதலில் என்று வகுப்பை மறுபடி தொடங்கினேன். மாடி மாடியாக ஏறிப் பெண்களைக் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. ஒருத்தி மட்டும் துடைப்பத்தை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"வேணாம் மேடம். எங்களுக்கு வேலை வேணும்."